விழிக்கும்வரை காத்திருத்தல்: தலைக்காயத்துக்குப் பிந்தைய வாழ்வும் நம் இயக்கமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுப் பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ, அந்தத் தோழரைப் பற்றி இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். அவர் பறை வாசித்தது, ஊர்த் திருவிழாவுக்கு இனி சேவகமாகப் பறையடிக்கப் போவதில்லை என்று சேரி முடிவெடுத்தபோது முன்னால் நின்றது, இரவுப் பள்ளி நடத்தியது, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தது எல்லாம் நமக்குத் தெரியும். அந்த முடிவுக்காக அவர் தலையில் விழுந்த அடியும் தெரியும். வீரவணக்கக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் அந்த அடியோடு முடிந்துவிடும். ஆனால் அடிபட்ட பிறகு அவர் 11 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். இன்று அந்த 11 ஆண்டுகளைப் பற்றியும், அதைப்போன்ற ஆண்டுகளை இப்போது வாழ்ந்துகொண்டிருப்பவர்களைப் பற்றியும் பேசலாம் என்று நினைக்கிறோம்.

இந்தப் பேச்சில் 'நாம்' என்று வருவது, பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் எல்லாரையும் சேர்த்துத்தான். சொல்ல வருவது ஒரே ஒரு செய்தி. அடி ஒருவர் தலையில் விழுகிறது. அதற்குப் பிந்தைய வாழ்க்கையை அவரைச் சுற்றியிருக்கிற ஒரு வட்டம் சேர்ந்து வாழ்கிறது. அந்த வட்டம் சிறியதாக இருந்தால், அதாவது ஒரு மனைவியோ ஒரு தாயோ மட்டுமாக இருந்தால், இருவருமே அழிகிறார்கள். வட்டத்தைப் பெரிதாக்குவது இயக்கத்தின் வேலை.

வெளியே தெரியாத காயம்

தலையில் அடிபட்டு வருகிறவரை மருத்துவமனையில் முதலில் ஓர் அளவுகோலால் அளக்கிறார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974-இல் வகுத்த கிளாஸ்கோ கோமா அளவுகோல் அது. 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 13 முதல் 15 வரை 'லேசான' காயம். இந்த 'லேசான' என்ற சொல்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் மூளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வதற்கான சொல் அது. அடுத்த ஆண்டு அவர் வேலைக்குப் போவாரா, பிள்ளையின் பெயரைத் தடுமாறாமல் கூப்பிடுவாரா என்பதை அது சொல்வதில்லை.

சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். மண்டையோட்டு முறிவையும் இரத்தக்கட்டையும் அது காட்டும். உயிரைக் காப்பாற்ற அது வேண்டும். ஆனால் தலை ஒரு நொடியில் குலுங்கும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாவதைப் பல நேரங்களில் அது காட்டுவதில்லை. 'ஸ்கேன் நார்மல்' என்று எழுதி அனுப்பப்பட்டவர் மூன்று மாதம் கழித்தும் வெயிலைப் பார்க்க முடியாமல், ஒலிபெருக்கிச் சத்தம் தாங்க முடியாமல், படுத்தே கிடப்பார்.

வீட்டில் அது எப்படித் தெரியும்? கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். அரை மணி நேரம் பேசினாலே, நாள் முழுக்கக் களையெடுத்ததுபோல அசந்துபோவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிந்து விழுவார். நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப்பகுதிதான் ஒரு வேலையைத் தொடங்கவும், வேண்டாததை நிறுத்தவும், கோபத்தை அடக்கவும் உதவுகிறது. அங்கே சேதம் இருந்தால் ஒருவர் நாள் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். சோம்பேறி என்று பெயர் வரும். இன்னொருவர் நினைத்ததையெல்லாம் சபையில் சொல்லிவிடுவார். மரியாதை தெரியாதவர் என்று பெயர் வரும். சிலருக்கு வாசனை தெரியாது, அதனால் சோறு இறங்காது. சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட வலிப்பு வரும். மனச்சோர்வு பலருக்கு வருகிறது.

நடை தள்ளாடும், நாக்கு குழறும். அதைப் பார்த்துக் குடித்திருக்கிறான் என்பார்கள். சிலர் பேய் என்பார்கள். வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பார்கள். குடிகாரன், பைத்தியம், சோம்பேறி: நம் மக்களைச் சாதிச் சமூகம் பல தலைமுறையாக அழைத்துவந்த வசைகள் இவை. அதே வசைகள் இப்போது அடிபட்டவருக்கு அடையாளமாகிவிடுகின்றன. அடித்தவனின் பெயர் மறந்துபோகிறது. அடிபட்டவருக்குப் புதுப்பெயர் நிலைக்கிறது. ஆகவே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, இதற்குச் சரியான பெயரைச் சொல்வது. இது மூளைக்காயம். குணக்கேடு அல்ல, குடியும் அல்ல, பேயும் அல்ல.

யாருடைய தலை?

இந்தியாவில் தலைக்காயத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து. அடுத்தது உயரத்திலிருந்து விழுவது. அதற்கடுத்தது வன்முறை. இந்த மூன்றையும் நம் சேரித் தெருவில் நின்று பாருங்கள். ஆள் ஏற்றிய சரக்கு வண்டியில் கூலிக்குப் போகிறவர்கள் யார்? கயிறும் வலையும் இல்லாத சாரத்தில் மூன்றாம் மாடியில் நிற்கும் சித்தாள் யார்? பொதுப்பாதையில் பிணம் கொண்டுபோனதற்கும், செருப்பு போட்டு நடந்ததற்கும், காதலித்ததற்கும், புல்லட் ஓட்டியதற்கும் கட்டையால் அடி வாங்குகிறவர்கள் யார்? சாதிவெறித் தாக்குதலில் அடி தலையைத் தேடி வருவது தற்செயல் அல்ல. நிமிர்ந்த தலை என்பதுதான் அவர்களுக்குக் குற்றம்.

இதோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொரு காயம் உண்டு. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி, விஷவாயுவில் மயங்கி, உயிரோடு வெளியே தூக்கப்பட்டவர்களுடையது அது. அவர்கள் மண்டையில் அடி எதுவும் இல்லை. ஆனால் சில நிமிடம் பிராணவாயு கிடைக்காத மூளை, அடிபட்ட மூளையைப்போலவே நினைவையும் நிதானத்தையும் இழக்கிறது. செத்தவர்களின் கணக்காவது எங்காவது எழுதப்படுகிறது. பிழைத்தவர்களை யாரும் எழுதுவதில்லை. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஊனமுற்றவருக்குக் குறைந்தது 10 லட்சம், ஊனம் நிரந்தரமாகி வாழ்வாதாரம் அழிந்தால் குறைந்தது 20 லட்சம் என்றும் சொல்லியிருக்கிறது. பிழைத்தவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இதை நம் தூய்மைத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஹாரியட் டப்மன் தூங்கிய நேரம்

நம் இயக்கத்துக்குக் கறுப்பின மக்களின் போராட்டத்தோடு நெருங்கிய உறவு உண்டு. 1972-இல் மும்பையில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரலாற்றில் நாம் எல்லோரும் கேட்ட ஒரு பெயர் ஹாரியட் டப்மன். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1849-இல் தப்பி, பிறகு திரும்பத் திரும்ப உள்ளே போய் மற்றவர்களை அழைத்துவந்தவர். அவர் வாழ்நாள் முழுக்க மூளைக்காயத்தோடு வாழ்ந்தவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அப்போது அவர் பதின்வயதுச் சிறுமி. ஒரு கடையில் நின்றுகொண்டிருக்கிறார். அனுமதியில்லாமல் வெளியே வந்த ஓர் அடிமையைப் பிடித்துக் கட்ட உதவும்படி கங்காணி அவரைக் கூப்பிடுகிறான். அவர் மறுக்கிறார். அந்த ஆள் ஓடுகிறார். கங்காணி ஓடியவரைக் குறிவைத்து இரண்டு பவுண்டு எடைக்கல்லை வீசுகிறான்; அது இந்தச் சிறுமியின் தலையில் விழுகிறது. மண்டை உடைந்து இரத்தம் ஒழுகத் தூக்கிவந்து ஒரு தறியின் பலகையில் கிடத்துகிறார்கள். மருத்துவம் இல்லை. சில நாளில் மறுபடி வயலுக்கு அனுப்புகிறார்கள். பிறகு எசமானன் அவரை விற்கப் பார்க்கிறான். காயப்பட்ட பெண்ணை வாங்க ஆளில்லை.

அந்த நாளிலிருந்து 1913-இல் இறக்கும்வரை அவருக்குத் தலைவலி இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் தூங்கிவிடுவார். கனவுபோன்ற காட்சிகள் வரும். அவற்றைக் கடவுள் பேசுவதாக அவர் எடுத்துக்கொண்டார். காயத்தால் வந்த வலிப்பின் ஒரு வகையாக அது இருந்திருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்த உடலோடுதான் சுமார் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 13 பயணங்கள் செய்து 70 பேர் வரை விடுவித்தார். 1863 ஜூன் மாதம் கொம்பாஹீ ஆற்றுப் படையெடுப்பில் வழிகாட்டியபோது 700-க்கு மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

இதை 'ஊனத்தை வென்ற வீராங்கனை' கதையாகச் சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் எழுந்து நிற்க முடியாமல் படுத்திருக்கிறவருக்கு அது இன்னொரு வசையாகிவிடும். வேறொரு இடத்தைப் பார்க்கச் சொல்கிறோம். பின்னால் வேட்டைநாய்களோடு ஆட்கள் தேடி வருகிறார்கள். நடுக்காட்டில் வழிகாட்டியே தூங்கிவிடுகிறார். கூட வந்தவர்கள் என்ன செய்தார்கள்? காத்திருந்தார்கள். அவரை விட்டுவிட்டு ஓடவில்லை. அவர் விழித்ததும் விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள். அவரால் போராட முடிந்ததற்கு அவருடைய துணிவு ஒரு காரணம். கூட இருந்தவர்கள் அவர் தூக்கத்தைப் பயணத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது இன்னொரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போருக்குப் பின் தனக்குரிய ஓய்வூதியத்துக்காக அவர் சுமார் முப்பது ஆண்டுகள் அலைந்தார். 1895-இல் கணவரை இழந்தவர் என்ற முறையில் மாதம் 8 டாலர் கிடைத்தது. போரில் செவிலியராக உழைத்ததையும் சேர்த்து 20 டாலராக உயர்த்தப்பட்டது 1899-இல்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் அலைகிற நம் அக்காமார்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அந்த நெருக்கடியிலும் அவர் ஆபர்ன் நகரில் தன் நிலத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார். 1908-இல் அது திறக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் அவரே அங்கே சேர்ந்து, பராமரிக்கப்பட்டு, அங்கேயே இறந்தார். பராமரிப்பு என்பதை அவர் அரசியலுக்கு வெளியே வைக்கவில்லை.

வேலையும் மருந்துதான்

உளவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஃபினியாஸ் கேஜ் என்ற பெயர் தெரிந்திருக்கும். டப்மன் தப்பியதற்கு முந்தைய ஆண்டு, 1848 செப்டம்பர் 13 அன்று, அதே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை வெடிவைத்துக்கொண்டிருந்த ஆட்களின் மேஸ்திரி அவர். வெடிமருந்து கிட்டிக்கும் இரும்புக்கம்பி அவர் கன்னத்தில் நுழைந்து மண்டை வழியாக வெளியேறியது. பிழைத்தார். ஆனால் 'பழைய கேஜ் இல்லை, வேறு ஆளாகிவிட்டார்' என்பதுதான் பாடப்புத்தகம் சொல்லும் கதை. பெரும்பாலான புத்தகங்களில் அதோடு முடிந்துவிடும்.

அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தேடிய ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 1852-இல் அவர் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணவண்டி ஓட்டினார். வண்டியோட்டிக்கு ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு: விடியுமுன் எழுவது, குதிரைகளுக்குத் தீனி, பயணிகளை ஏற்றுவது, தெரிந்த பாதை. அந்த ஒழுங்கு, குலைந்துபோன மூளைக்கு வெளியிலிருந்து ஒரு சட்டகம் கொடுத்திருக்கலாம் என்கிறார்கள். 1860-இல் வலிப்பு முற்றி அவர் இறந்தார். ஆனாலும் 'வேறு ஆளாகிவிட்டார்' என்பது முழுக்கதை அல்ல.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. அடிபட்டவரை உட்காரவைத்துச் சோறுபோடுவது மட்டும் பராமரிப்பு அல்ல. அவருக்கு ஒரு வேலை வேண்டும். பழைய வேலையின் முழுச்சுமையோடு அல்ல, நேரம் குறைத்து, துண்டு துண்டாக, தினமும் ஒரே நேரத்தில். நம் தோழர் 11 ஆண்டுகளும் நூலகத்தைக் காலையில் திறந்து வைத்தார். கணக்கு அவரால் எழுத முடியாது. செய்தித்தாளை மேசையில் பிரித்து வைப்பார், பதினோரு மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார். பறையை மறுபடி எடுக்கவில்லை. சத்தம் தலைக்குத் தாங்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அடிக்கும்போது தூரத்தில் உட்கார்ந்து, தாளம் தப்பினால் விரலால் காட்டுவார். தெருப்பெயர் மறந்த மூளையில் தாளம் இருந்தது. கைப்பழக்கமாகப் படிந்தவை, சொல்லால் நினைவுகூர்வதை விட அதிகமாகத் தங்குவது உண்டு. கொத்தனார் கையில் கரணை, நெசவாளி காலில் மிதி, அம்மாவின் கையில் அரிசி அளக்கும் படி: இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சதவீதமும் சாட்சியமும்

சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காயத்தின் வகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு, கொடுங்காயம் எது என்று சொல்கிறது. எலும்பு முறிவு மட்டுமல்ல. 15 நாட்கள் கடும் வலியில் இருப்பதும், வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போவதும் கொடுங்காயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாள். ஆக, ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் 15 நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்பதைக் காட்டினால் அது 'சாதாரணக் காயம்' ஆகாது. அதைக் காட்ட ஆவணம் வேண்டும். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு முறை போன ஓ.பி. சீட்டு எல்லாம் ஒரு பையில் இருக்க வேண்டும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 117-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் இருக்கிறது.

இரண்டாவது சதவீதம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016-இல் செய்த திருத்தத்தின்படி ஊனத்துக்கான நிவாரணம் மூன்று படி: முழு ஊனம், 50 சதவீதத்துக்கு மேல், 50 சதவீதத்துக்குக் கீழ். கை போனால் அளந்துவிடுகிறார்கள். மறதியை, தொடங்க முடியாமையை, எரிச்சலை எந்த அளவுகோலால் அளப்பது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. அதில் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. நம் ஆட்களை உடலியக்கக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் என்று ஏதாவது ஒரு கட்டத்துக்குள் நுழைக்க வேண்டியிருக்கிறது. 40 சதவீதம் தொடாவிட்டால் பெரும்பாலான சலுகை இல்லை. ஆகவே எலும்பு மருத்துவர் முன்னால் மட்டும் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. நரம்பியல், மனநலம் இரண்டு மதிப்பீடும், முடிந்தால் மருத்துவ உளவியலாளர் செய்யும் நினைவுத்திறன் சோதனையும் கேட்டு வாங்க வேண்டும்.

சதவீதத்தை வைத்து வருமான இழப்பைச் சுருக்குவார்கள். 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: உடலூனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. ஒரு கையை இழந்த எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். அதே கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறத்தாழ முழுமையானது. சாரத்தில் ஏறும் கொத்தனாருக்குத் தலைசுற்றல் என்பது எத்தனை சதவீதம் என்று நாமும் அதே முறையில் கேட்க வேண்டும்.

மூன்றாவது சாட்சியம். தலையில் அடிபட்டவருக்கு அடி விழுந்த நேரமும், அதற்கு முன்பின் சில நேரமும் நினைவில் இல்லாமல் போவது வழக்கம். அவர் மறைக்கவில்லை, மூளை அதைப் பதிவே செய்யவில்லை. குறுக்கு விசாரணையில் 'போன தடவை வேறு சொன்னாயே' என்று கேட்பார்கள். மறதி பொய்யாகிவிடும், தயக்கம் பிறழ்சாட்சியாகிவிடும். இதில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய கண்டிப்பான விதி ஒன்று உண்டு: அவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. காயப்பட்ட மூளை காலியிடங்களைக் கேட்ட சொற்களால் தானாக நிரப்பிக்கொள்ளும். பிறகு எது பார்த்தது, எது கேட்டது என்று அவருக்கே தெரியாது. தெரிந்ததைச் சொல்லட்டும், தெரியாததை 'நினைவில்லை' என்று சொல்லட்டும். ஏன் நினைவில்லை என்பதை மருத்துவர் சாட்சியம் சொல்லட்டும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அவரவர்க்கு ஏற்ற முறையில் சாட்சியம் பதிவு செய்ய வசதி தரச் சொல்கிறது. சிறிய கேள்வி, இடைவேளை, காலை நேரம் ஆகியவற்றை அதன்படி கேட்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, சமூகப் பணியாளரின் உதவியைப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது. நீதிமன்றத்துக்கு அவர் தனியாகப் போகக் கூடாது.

வீட்டுக்குள்

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. பல உயிர்கள் அதனால் பிழைக்கின்றன. அதை நாம் வரவேற்கிறோம். 49-ஆவது மணியிலிருந்து யார்? அங்கே ஒரு பெண் நிற்கிறார்.

அக்கா ஒருவர் நம்மிடம் சொன்னார்: "தம்பி, எம் வீட்டுக்காரரு பொழைச்சிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. நா கட்டிக்கிட்டவரு எங்கன்னுதான் தேடுறேன்." செத்தவருக்கு ஒப்பாரி உண்டு, கருமாதி உண்டு, ஊர் வந்து உட்காரும். உயிரோடிருந்தும் மாறிப்போனவருக்கு அழ ஒரு சடங்கும் கிடையாது. அந்த அக்கா நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டுப் பார்க்கிறார். கோபத்தில் கைநீட்டினால் அதையும் வெளியே சொல்வதில்லை. அதைத் தியாகம் என்று நாம் புகழக் கூடாது. காயத்தால் வந்த கோபமாக இருந்தாலும் அடி அடிதான். அவருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும், இரவில் தங்க வேறு வீடு வேண்டும், மருத்துவரிடம் அதைச் சொல்ல ஆள் வேண்டும். கணவன் அடித்தும், ஆண்டை வீட்டில் அடிபட்டும் தலைக்காயத்தோடு வாழும் பெண்களோ கணக்கிலேயே இல்லை. அவர்களுக்கு 'மறதிக்காரி' என்ற பெயர் மட்டும்தான் கிடைக்கிறது.

குடும்பங்கள் தாமாகக் கண்டுபிடித்து நடைமுறையில் பயன்படுத்தும் வழிகள் சில உண்டு. சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு; அன்றைய வேலை, பார்த்த ஆள், கொடுத்த காசு எல்லாம் அதில். எழுதத் தெரியாதவருக்குப் படமோ போனில் குரல்பதிவோ. சாவி, மாத்திரை, கண்ணாடி எப்போதும் ஒரே ஆணியில், ஒரே தட்டில். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவது, ஒரு வேலையை மட்டும் சொல்வது. கோபம் ஏறினால் வாதாடாமல் இடத்தை மாற்றுவது. மதியம் கட்டாயம் ஓய்வு. வலிப்பு மாத்திரையை நன்றாக இருக்கிறதென்று தாமாக நிறுத்தாமல் இருப்பது. குடியைத் தொடாமல் இருப்பது. அது வலிப்பை அழைக்கும், நினைவை இன்னும் கெடுக்கும். நிவாரணப் பணம் வந்த வாரத்தில் உறவினர் என்று வருகிறவர்களிடமிருந்து கைநாட்டைக் காப்பது.

எழுத்தாளர்களுக்கு ஒரு சொல்

இது இலக்கிய மேடை. தலித் இலக்கியம் தன்வரலாற்றால் எழுந்து நின்றது. நான் கண்டேன், என் மேல் நடந்தது, நான் நினைவில் வைத்திருக்கிறேன் என்று சொல்வதுதான் அதன் பலம். நினைவின் மேல் நின்ற இந்த இலக்கியத்தில், நினைவையே அடித்து நொறுக்கப்பட்டவருக்கு இடம் எங்கே? அவர் கதை துண்டாக வரும், திரும்பத் திரும்ப வரும், ஆண்டு மாறி வரும். அதைச் சீர்செய்து ஒரே கோட்டில் எழுதிவிட்டால் அவரை அழித்துவிடுவோம். டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் கூட்டியதும் குறைத்ததும் உண்டு. அந்த எச்சரிக்கையோடு நாமும் எழுத வேண்டும். அவர் சொன்னது ஒரு பக்கம், மனைவி சொன்னது ஒரு பக்கம், பிள்ளை சொன்னது ஒரு பக்கம், ஓ.பி. சீட்டு ஒரு பக்கம் என்று எது யார் நினைவு என்பது தெரியும்படி பலர் சேர்ந்து எழுதும் தன்வரலாறு நமக்கு வேண்டும்.

செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்பது: மூளைக்காயத்தை மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் தனி வகையாகச் சேர்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நினைவு, பேச்சு, நடத்தைக்கான மறுவாழ்வுப் பிரிவு வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறது. அதே வழியில் மூளைக்காயம் பட்டவருக்கும் ஆள் வரட்டும். வன்கொடுமை வழக்குகளில் ஊன மதிப்பீட்டை அடிபட்ட மாதத்தோடு முடித்துவிடாமல், ஓராண்டு கழித்து மறுபடி செய்ய வேண்டும். பராமரிப்பவருக்கு மாத ஊதியம் வேண்டும்.

நமக்கு நாமே வைத்துக்கொள்வது: தலையில் அடி என்று கேள்விப்பட்ட நாளே, வாந்தி, தூக்கக்கலக்கம், குழறல் இருந்தால் திரும்ப மருத்துவமனைக்குக் கொண்டுபோக இரவிலும் ஓர் ஆள். பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு தோழர்கள், குறைந்தது இரண்டு ஆண்டு. ஒருவர் ஆவணப் பைக்கு, ஒருவர் வீட்டுக்கு. வாரத்தில் ஒரு நாள் அக்காவுக்கு விடுப்பு. அன்று அவருக்குப் பதிலாக நாம் உட்கார வேண்டும். சங்கக் கூட்டத்தில் அடிபட்டவருக்கு ஒரு நாற்காலி, ஒரு சிறு பொறுப்பு. அவர் நடுவில் எழுந்து போனாலும், சொன்னதையே சொன்னாலும், தூங்கிவிட்டாலும் கூட்டம் முகம் சுளிக்காமல் இருப்பது. மாணவத் தோழர்கள் தங்கள் ஊரில் இப்படி வாழ்கிறவர்களின் பட்டியலை எடுங்கள். எப்போது அடிபட்டது, என்ன சீட்டு இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்ற மூன்று கேள்வி போதும். அந்தப் பட்டியல் இதுவரை எந்த அலுவலகத்திலும் இல்லை.

போராட்டத்துக்கு வேகம் வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் நம்மோடு நடக்கிறவர்களில் சிலர், நமக்காக வாங்கிய அடியால், மெதுவாகத்தான் நடப்பார்கள். வேட்டைநாய்களுக்கு நடுவில் காத்திருந்தவர்களை விட நமக்கு அவசரம் அதிகமில்லை. அவர்கள் விழிக்கும்வரை நாம் காத்திருப்போம்.

ஜெய்பீம்.